நாலாம் நம்பர் காத்தாடியும் மூன்று பனையும்

தம்பி,

உறையின் மேலிருக்கும் எழுத்தைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுப் பிள்ளையோ எழுதியது என்று நினைத்திருப்பாய். எழுதியது உன் அப்பன்தான். "அட்ரஸ மட்டுமாவது நான் எழுதித் தர்றேங்க ஐயா" என்று ரோஸ்லின் டீச்சர் கேட்டார். நான் பேனாவைக் கொடுக்கவில்லை. இரண்டு உறை பாழாகி, மூன்றாவதில் உன் பெயர் ஒழுங்காக உட்கார்ந்தது. அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாக என் கையால் என் மகன் பெயர். அதைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்ததைக் கண்டு உன் அம்மா, "பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக்கூட என்னைய இவ்ளோ நேரம் பாக்கல நீங்க" என்றாள். நம் கோரைத்திட்டில் படிப்பு மையம் திறந்து பத்து மாதம் ஆகிறது. உன் அம்மாவையும் சேர்த்துப் பெண்கள் இருபது பேர், ஆம்பளை நான் ஒருவன். இப்போது பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சோப்பு உறை எதையும் விடுவதில்லை. போன வாரம் காரைக்கால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடைப் பெயர்களை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். கண்டக்டர், "பெரியவரே, நீங்களே ஸ்டாப்பிங்கயும் சொல்லிடுங்க" என்றான். சொன்னேன்.

சந்தோஷம் அவ்வளவுதான். மீதிக் கடிதம் முழுவதும் கோபம். உன்மேல் கோபம், உன் மாமன்மேல் கோபம், இந்த ஊர்மேல் கோபம், எல்லாவற்றையும்விட என்மேல். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் எனக்கு ஓடுகிறது. ஆகையால் கோபம் ஆறிப்போய்விடுமோ என்று நினைத்தேன். ஆறவில்லை. இது உனக்கு எழுதுவதுதான் என்றாலும், தபாலில் போடுவதற்கு முன்னால் கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் படிக்கப் போகிறேன். அவர்களும் காதில் வாங்கட்டும்.

நீ சாப்பிடாமல் போன அன்றைக்கே தொடங்குகிறேன். கம்பெனி உன்னை ஏன் அனுப்பியது என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷம் கயத்தாறு பக்கம் காற்றாலையில் வேலை பார்த்தவன், இந்தத் திட்டிலேயே பிறந்தவன், ஊர்க்காரப் பையன் சொன்னால் ஊர் கேட்கும் என்று அனுப்பினார்கள். ஆறு காற்றாலை வரும், கரையிலிருந்து திட்டுக்குப் பாலம் வரும், இனி பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் படகில் ஏற்ற வேண்டாம் என்று நீ சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய். எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் ஒரு வெறுப்பும் இல்லை. உன்னைப் பார்க்க வந்தபோது அந்தப் பொட்டலில் நின்று நான் அண்ணாந்து பார்த்தது உனக்கு நினைவிருக்கும். வயசுக் காலத்தில் பாய் விரித்துக் காற்றில் பிழைத்தவன் நான். காற்றைப் பிடித்து வேலை வாங்குகிற எதைப் பார்த்தாலும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் என்ன நடந்தது? முதலில் ஒரு கிழவி, "மேகத்த வெட்டிப்புடுமாமே தம்பி, மழையே வராதாமே" என்றாள். நீ பொறுமையாக, "மேகம் அதவிட ரொம்ப ஒசரத்துல போவுது அத்தை" என்றாய். உடனே உன் அம்மாவின் அண்ணன், என் மச்சான், உன் மாமா கலியபெருமாள் எழுந்தார்.

"மேகம் கெடக்கட்டும் மாப்ள. காத்தப் பூரா அது தின்னுபுட்டா நாங்க எத வச்சுப் பாய் விரிக்கிறது?"

"மாமா, நீங்க பாய் விரிச்சு எத்தன வருஷமாச்சு? இன்ஜின்லதான போறீங்க?"

கூட்டம் சிரித்தது. உன் மாமாவும் சிரித்தார். அதற்கப்புறம் சத்தம் வரும், இறால் ஓடிவிடும், அம்மன் கோயில் கொடிமரத்தைவிட உயரமாக எதுவும் நிற்கக் கூடாது என்று ஆளுக்கு ஒன்று. நீ ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாய். எதற்கும் தடுமாறவில்லை. நடுவில் உன் மாமா, பீடியைப் பற்றவைப்பது போலக் குனிந்துகொண்டு, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "மரம் கிரம் எதுவும் வெட்டுவீங்களா மாப்ள?" நீ கையிலிருந்த படத்தைப் பார்த்தாய். "பெருசா ஒண்ணுமில்ல மாமா. நாலாம் நம்பர் வர்ற எடத்துல மூணு பனை நிக்கிது. அதுக்குப் பதிலா நூறு தென்னங்கன்னு வச்சுத் தந்துடுறோம்."

அப்போது ஒரு அமைதி வந்தது. நீ அதைக் கவனிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்திருப்பாய். நான் கவனித்தேன். வயதான ஆம்பளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை. பிறகு உன் மாமா தலையை நிமிர்த்தி, "எங்க தொழிலே போயிடும் மாப்ள" என்றார். நீ சலித்துப்போய்ச் சொன்னாய்:

"எப்புடி மாமா போவும்? காத்தாடி கரையில, மீனு கடல்ல. எங்கப்பா தண்ணிய மோந்து பாத்தே கடலுக்கடியில மீன் அடையுற பாரு எங்க இருக்குன்னு சொல்லிப்புடுவாரு. அவரு மூக்கயா நாங்க புடுங்கிட்டுப் போறோம்?"

பெருமையாகத்தான் சொன்னாய். பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். கிழவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உன் மாமா, "கம்பெனி சோறு திங்கிறவன் கம்பெனி பாட்டுதான் பாடுவான்" என்றார். நீ படத்தைச் சுருட்டிக்கொண்டு துறைக்கு நடந்தாய். உன் அம்மா வைத்த காலா மீன் குழம்பு அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் அதை நான்தான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது அந்த மூக்குக்கு வருகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட லீவில் என்னோடு கடலுக்கு வந்தாய். கடலடிப் பாறையான அந்தப் பாருக்கு மேலே வந்து நான் நங்கூரக் கல்லைப் போட்டதும், "எல்லா எடமும் தண்ணியாத்தான இருக்கு, இங்கதான் அடியில பாறை இருக்குன்னு எப்புடிப்பா தெரியும்?" என்று கேட்டாய். நல்ல கேள்வி. நான் ஒரு கை தண்ணீரை அள்ளி மூக்கருகில் வைத்து, "வாசனை வருதுல்ல?" என்றேன். நீ நம்பினாய். மூன்று நாள் படகு விளிம்பில் தொங்கிக்கொண்டு கடலை மோந்தாய். மூக்குக்குள் உப்புத் தண்ணீர் போய்த் தும்மினாய். "எனக்கு ஒண்ணும் தெரியலயேப்பா" என்று அழுதாய். "ஒனக்கு இன்னும் வயசு வரல" என்றேன். அந்தப் பொய்யைப் பதினெட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, ஊர் நடுவில் எனக்காகப் பேசும்போது எடுத்து நீட்டினாய்.

கடலில் வாசனை ஒன்றும் கிடையாது தம்பி. கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். கரையில் இருக்கிற ஒரு மரம், அதற்குப் பின்னால் தூரத்தில் இருக்கிற ஒரு கோபுரம். இரண்டும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதே போல இன்னொரு மரம், இன்னொரு கோபுரம். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார் இருக்கும். இதற்குக் குறி என்று பெயர். நம் ஆட்களின் வழக்கம், குறியை வெளியில் சொல்லக் கூடாது. அப்பன் மகனுக்குச் சொல்வான். அதுவும் மகன் முதல்முதலாகச் சுக்கான் பிடிக்கிற அன்றைக்கு, கரையைவிட்டு விலகிய பிறகு. நீ சுக்கான் பிடிக்கவே இல்லை. பாலிடெக்னிக்குக்குப் போனாய். ஆகையால் நான் சொல்லவில்லை. உன் மாமாவும் நானும் நாற்பது வருஷமாக ஒரே துறையிலிருந்து கிளம்புகிறோம். அவர் வடக்கே போவது போலப் போவார், நான் தெற்கே போவது போலப் போவேன். டீசல்தான் வீண்.

முன்பெல்லாம் திட்டில் ஒரு தோப்பே இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மரம். அலை வந்த அன்று தோப்பு போய்விட்டது. யார் யார் போனார்கள் என்பது உனக்கும் தெரியும், அதை நான் எழுதப் போவதில்லை. இரண்டு மாதம் யாரும் கடல் பக்கமே திரும்பவில்லை. பிறகு போனபோது, மிச்சமிருந்த மூன்று பனையை வைத்து ஒவ்வொருவனும் தன் குறியைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடித்தான். நான் பதினோரு நாள் தேடினேன். மற்றவர்களும் அப்படித்தான் என்று இப்போது தெரிகிறது. அந்த மூன்று பனையும் போனால் இந்தத் திட்டில் பாதிப் படகுக்குக் கடல் குருடாகிவிடும். ஆனால் கூட்டத்தில் ஒருவனும் அதைச் சொல்லவில்லை. சொன்னால், "ஓகோ, ஒன் குறி அந்தப் பனைதானா" என்று பக்கத்தில் இருப்பவன் கண்டுகொள்வானே. அதனால் மேகம், இறால், கொடிமரம். அத்தனை பொய்யும் ஒரே உண்மையை மூடி வைக்கத்தான். நீ பொய்களுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனாய்.

இதைவிடக் கேவலம், பஞ்சாயத்தார் கொடுத்த மனு. அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். தலைவர் மைப்பெட்டியை நீட்டினார். நான் அதைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் பெயரை முழுதாக எழுதினேன். அந்தச் சந்தோஷத்தில், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தோன்றவில்லை. படிக்கத் தெரிந்தவன், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைத்த காலத்தில்கூட நாலு பேரிடம், "என்னப்பா எழுதியிருக்கு" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். நான்கு நாள் கழித்து அதன் நகல் கையில் கிடைத்தது. டீச்சர் வகுப்பில் படிக்கச் சொன்னார். படித்தேன். "எங்கள் நெல் வயல்கள் பாழாகும், எங்கள் ஆழ்குழாய்க் கிணறுகள் உப்பாகும்" என்று இருக்கிறது. கோரைத்திட்டில் ஏது நெல் வயல்? அக்கரையில் வயல் வைத்திருக்கிற நெரவிக்காரர்கள் கொடுக்க வேண்டிய மனு அது. டவுனில் எழுதிக் கொடுத்தவர், முன்பு எப்போதோ இறால் பண்ணைக்கு எதிராக எழுதியதை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். பதினோரு காரணம். பனையைப் பற்றி ஒரு வரி இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரிகள் இங்கே வந்து உட்கார்ந்து கேட்கும்போது, இந்த மனுவைத்தான் கையில் வைத்திருப்பார்கள். வயல் எங்கே என்று ஒருவர் கேட்டால் போதும், சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நாலாம் நம்பர் படத்தில் போட்ட இடத்திலேயே வரும்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். "எழுதுனது எழுதியாச்சு மாமா. காரணம் எதுவா இருந்தா என்ன, எதுப்பு எதுப்புதான?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், பேனாவைச் சட்டைப் பையில் திறந்தபடியே செருகி, நல்ல சட்டை போயிற்று. அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

ஐந்து பக்கம் ஆனதும், பிழை பார்க்கட்டும் என்று டீச்சரிடம் கொண்டுபோனேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார். குறியைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தினேன். பெண்கள் இருக்கிறார்களே, எப்படிச் சொல்வது? அப்போது உன் அம்மா பின்வரிசையிலிருந்து, "என்னத்த முழிக்கிறீங்க? நடுப்பனைதான? படிங்க" என்றாள்.

"ஒனக்கு எப்புடிடி தெரியும்?"

"அலைக்கப்புறம் இத்தன வருஷமா கரையேறுன ஒடனே எந்தப் பனையத் திரும்பிப் பாக்குறீங்கன்னு தெரியாதா? எங்கண்ணனுக்கும் நடுப்பனைதான். அவரு அதத் தேடிக் கண்டுபுடிச்சுட்டு வந்து எங்கம்மாக்கிட்ட பெரும பேசுனப்ப நான்தான் கஞ்சி ஊத்திக்கிட்டு நின்னேன்."

இருபது பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி, "எங்க மாமனாருக்கு வடபனை" என்றாள். இன்னொருத்தி, "எங்க வூட்டுலயும் நடுப்பனைதான், ஆனா எங்க அப்பன் வூட்டுல தென்பனை" என்றாள். தம்பி, இந்தத் திட்டில் ஆம்பளைகள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற ரகசியம் முழுவதும், பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் பெண்களோடு சேர்ந்து போயிருக்கிறது. "இத ஏன் இத்தன நாள் யாரும் சொல்லல?" என்று கேட்டேன். "யாரு கேட்டீங்க?" என்றாள் உன் அம்மா. ரோஸ்லின் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் டவுன் பெண், அவருக்கு இதெல்லாம் புதிது.

நேற்று சாயங்காலம் கோயில் வாசலில் இதைப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க ரொம்ப நேரம் ஆனது. பொறுமையாகத்தான் இருந்தார்கள். கம்பெனிப் பாட்டைப் பற்றி வந்த இடத்தில் உன் மாமா செருமினார். கடைசியில் என் குறியைச் சொன்னேன். என் அப்பன் சாகும்போதுகூடத் தன் குறியைச் சத்தமாகச் சொல்லவில்லை. நடுப்பனை, கோயில் கோபுரத்தை மறைக்க வேண்டும். வடபனைக்கும் மாதா கோயில் சிலுவைக்கும் நடுவில் ஒரு விரல் இடம் தெரிய வேண்டும். அதுதான் என் பார். இரண்டு கையையும் விரித்து அளந்தால் பன்னிரண்டு பாகம் ஆழம்.

உன் மாமா எழுந்துவிட்டார்.

"அது எங்க பாரு. எங்கப்பன் கண்டுபுடிச்ச பாரு அது."

"எங்கப்பனும் கண்டுபுடிச்சாரு மச்சான்."

"அப்ப நாப்பது வருஷமா என் பாருலயா நீங்க மீன் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"நீங்க சாயங்காலம் போவீங்க, நான் விடியக்காலம் போவேன். மீனு ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் இருந்துருக்கு."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். "இனிமே வெள்ளிக்கெழம என்னுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குள் இன்னொருவன், அந்தப் பாருக்குத் தங்கள் வீட்டில் வேறு பெயர் என்றான். பிறகு ஒரே கூச்சல். நான்கு குடும்பத்துக்கு ஒரே பார். முழுக் குறியைச் சொன்னவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள், "நான் எதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பனைய வெட்டக் கூடாதுன்னு எழுதிக்கங்க" என்றார்கள். இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் எழுதிக்கொண்டேன். புது மனு. என் கையெழுத்தில். ஒரே ஒரு காரணம். இந்தத் தடவை எல்லாருக்கும் இரண்டு தடவை படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பெரிய விசைப்படகுக்காரர்களிடம் இருக்கிற ஜிபிஎஸ் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள் என்பாய். வாங்கலாம். ஆனால் பார் இருக்கிற இடத்துக்கு ஒரு தடவையாவது போய் நின்றுதானே அதில் பொத்தானை அழுத்த வேண்டும்? அந்த ஒரு தடவைக்குப் பனை வேண்டும். காற்றாலையையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பாய். அதுவும் நல்ல யோசனைதான். பனையைவிட உயரம், இன்னும் தூரத்திலிருந்து தெரியும். ஆனால் பழைய குறியும் புதுக் குறியும் ஒன்றாக நிற்கும்போதுதான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடியும். ஆகையால் ஊர் கேட்பது இதுதான். நாலாம் நம்பரை இருநூறு தப்படி தெற்கே தள்ளி வை. அங்கே வெறும் மணல், யாருக்கும் குறி கிடையாது. சத்தியமாகக் கிடையாது, பெண்களிடம் கேட்டுவிட்டேன். அதற்குப் போடுகிற ரோட்டையும் அந்தப் பக்கமாக வளைத்துக்கொள். பாலத்தைப் போடு. மேகத்தைப் பற்றி இனி யாரும் பேச மாட்டார்கள். பேசினால் என்னிடம் சொல்.

உன் கம்பெனி இதை ஒப்புக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் நானும் அந்தப் பனைக்கு முன்னால்தான் உட்காருவேன். அன்றைக்கு உனக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறானே என்று நினைக்காதே. நினைத்தாலும் சாப்பிட்டுவிட்டு நினை.

வியாழக்கிழமை விடியலுக்குள் வந்துவிடு. படத்தைக் கொண்டு வா. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீயும் நானும் ஒரு தடவை கடலுக்குப் போக வேண்டும். நீ சுக்கான் பிடி. முப்பது வயதில் முதல் தடவை பிடிப்பது நம் வழக்கத்தில் இல்லை, ஆனால் அறுபத்தெட்டில் எழுதக் கற்பதும் இல்லைதான். நான் முன்னால் உட்கார்ந்துகொள்வேன், வாய் திறக்க மாட்டேன். நடுப்பனை கோபுரத்தை மறைக்கிறதா என்று நீயே பார். சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு விரல் இடம் விடு. அங்கே கல்லைப் போடு. போட்ட பிறகு ஒரு கை தண்ணீர் அள்ளி மோந்து பார். ஒன்றும் தெரியாது. எனக்கும் என்றைக்குமே தெரிந்ததில்லை.

அப்பா